கை தொழிலில், நா புகழில்

இறைவனைப் புகழ வேண்டும் என்பதில் இறைநம்பிக்கையாளர் எவருக்கும் ஐயமில்லை. எப்பொழுது, எவ்வளவு, எவ்வாறு என்பவற்றிலேயே ஐயங்கள் எழுகின்றன. ரமளான் மாதத்து இரவுகளிலும், ஹஜ்ஜுக் கடமையின் நாட்களிலும், பெருந்துன்பம் ஒன்று நீங்கிய வேளையிலும் நம் நாவில் புகழ்ச் சொற்கள் தாமே ஊறுகின்றன. ஷவ்வால் பிறை கண்ட சில நாட்களுக்குள் அவ்வூற்று வற்றிவிடுகிறது. உணர்ச்சி கொணர்ந்ததை உணர்ச்சியே எடுத்துச் செல்வது இயல்பு. ஆகவே, உணர்ச்சி ஓய்ந்த நாட்களிலும் நிலைத்திருக்கும் புகழ்ச்சி எவ்வாறு அமைகிறது என்பதே ஆராய்ந்து அறியத்தக்கது.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இவ்வினாவை நேராகவே எடுத்துக் கூறியுள்ளார்கள். அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அறிவிக்கும் ஒரு ஹதீஸ் அபூதாவூத், திர்மிதீ ஆகிய தொகுப்புகளில் இடம்பெற்றுள்ளது. ஐவேளைத் தொழுகைகளுக்குப் பின்னும் தஸ்பீஹ், தஹ்மீது, தக்பீர் ஆகியவற்றைப் பத்துப் பத்து முறை கூறுவது ஒன்று. அது நாவில் 150, தராசில் 1500. உறங்கச் செல்கையில் இம்மூன்றையும் சேர்த்து நூறு முறை கூறுவது மற்றொன்று. அது தராசில் 1000. இவ்விரண்டும் எளியவை, ஆயினும் செய்வோர் சிலரே என்று அண்ணலார் கூறினார்கள். எளியதைச் செய்வோர் ஏன் சிலராயினர் எனத் தோழர்கள் வினவினர். படுக்கையில் அதனைச் சொல்லுமுன் ஷைத்தான் உறங்க வைக்கிறான், தொழுகையில் ஒரு தேவையை நினைவூட்டி எழுப்பிவிடுகிறான் என்பது அவர்கள் பெற்ற விடை. உறக்கமும் அலுவலும் ஆகிய இவ்விரு தடைகளும் இன்றும் மாறவில்லை.

இவ்விரு தடைகளையும் கடந்து, புகழ்ச்சியை அன்றாட வாழ்வின் ஒரு கூறாக்கிக் கொண்டோர் எவ்வாறு அதனைச் செய்தனர்? இதற்கு விடை காண நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. மதுரைக்குத் தெற்கே திருமங்கலத்தில் பிரியும் ஒரு நெடுஞ்சாலை ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம், தென்காசி ஆகிய ஊர்களைத் தொட்டுக்கொண்டு கொல்லத்தை நோக்கிச் செல்கிறது. பூமாலைக்கும், நூற்பாலைக்கும், தறிக்கும் தொடர்புடைய இவ்வூர்களின் வழியே சென்று, கைத்தொழிலுக்கும் இறைபுகழ்ச்சிக்கும் உள்ள உறவை இக்கட்டுரையில் காண்போம்.

சொற்களின் பொருள்

முதலில் சில சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். 'ஹம்து' என்பது புகழ்ச்சி. 'ஷுக்ரு' என்பது நன்றி. பெற்ற அருட்கொடைக்காகச் செலுத்தப்படுவது ஷுக்ரு. அருட்கொடையை எண்ணாமலும், இறைவன் தன் உள்ளமையாலும் பண்புகளாலும் புகழுக்குரியவன் என்னும் ஒரே காரணத்தினாலும் கூறத்தக்கது ஹம்து. உள்ளம், நா, உறுப்புகள் ஆகிய மூன்றாலும் நன்றி செலுத்தலாம். புகழ்ச்சியோ நாவின் வழியே வெளிப்படுவது என அறிஞர்கள் வேறுபடுத்துவர். 'தஸ்பீஹ்' என்பது எல்லாக் குறைகளினின்றும் இறைவன் தூயவன் எனப் போற்றுதல். இவை அனைத்தையும் தன்னுள் அடக்கிய பொதுச்சொல் 'திக்ரு'. அதன் நேர்ப்பொருள் நினைவு. மறதிக்கு எதிர்ச்சொல் அதுவே.

நாள்தோறும் ஓதுவதற்கென ஒருவர் வரையறுத்துக்கொள்ளும் பகுதிக்கு 'விர்து' என்று பெயர். நீர்த்துறைக்கு வருதல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து அச்சொல் பிறக்கிறது. மழை குறைந்த விருதுநகர்ச் சீமையில் வாழ்வோர்க்கு இவ்வுவமை விளங்கச் சொல்ல வேண்டியதில்லை. மேய்ச்சல் முடிந்த மாடு, அன்று தாகம் மிகுந்தாலும் குறைந்தாலும், தன் நேரத்தில் கண்மாய்க்கு வந்து சேர்கிறது. அவ்வாறே உள்ளம் தன் நேரத்தில் தன் துறைக்கு வந்து சேர்வது விர்து. 'ராத்திபு' என்னும் சொல்லுக்கும் நிலையாக, ஒழுங்காக அமைந்தது என்பதே பொருள். பெயரிலேயே ஒழுங்கு அமைந்துள்ளது.

இவ்வொழுங்கின் அடித்தளம் தொழுகையே. திருக்குர்ஆனின் தோற்றுவாயாகிய ஃபாத்திஹா அத்தியாயம் ஹம்து என்னும் சொல்லைக் கொண்டே தொடங்குகிறது. தனித்துத் தொழுபவர் ஒரு நாளின் கடமையான 17 ரக்அத்துகளில் அதனை 17 முறை ஓதுகிறார். விழித்தெழும்போதும், உண்டு முடித்தபோதும், புத்தாடை அணியும்போதும், தும்மியபோதும் கூற வேண்டிய புகழ்ச் சொற்களை அண்ணலார் கற்பித்துள்ளார்கள். ஒரு செயல் முடிந்து மற்றொன்று தொடங்கும் இடங்களிலெல்லாம் ஒரு புகழ்ச்சொல் வைக்கப்பட்டிருப்பதைக் காண்கிறோம். அதிகம் நினைவுகூருமாறும், காலையிலும் மாலையிலும் துதிக்குமாறும் இறைமறை (33:41,42) பணிக்கிறது. அறிவுடையோர் நின்றும் இருந்தும் படுத்தும் இறைவனை நினைவுகூர்வர் என அது (3:191) குறிப்பிடுகிறது. மனித உடல் கொள்ளும் நிலைகள் இம்மூன்றே. ஆகவே புகழ்ச்சிக்கு ஒவ்வாத உடல்நிலை என ஒன்று இல்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரின் நந்தவனம்

ஸ்ரீவில்லிபுத்தூர் என்றதும் தமிழர் அனைவர்க்கும் நினைவில் எழுவது பதினொரு நிலைகளையுடைய அதன் கோபுரம். தமிழ்நாடு அரசின் முத்திரையில் காணப்படுவது அக்கோபுரமே எனப் பரவலாகக் கூறப்படுகிறது. எனினும் நாம் இங்கே நோக்க விரும்புவது அவ்வூரின் நந்தவனத்தை. விஷ்ணுசித்தர் என்னும் இயற்பெயருடைய பெரியாழ்வார் அங்கே பூஞ்செடிகளையும் துளசியையும் வளர்த்து, நாள்தோறும் மாலை தொடுத்துக் கோயிலுக்கு அளித்து வந்தார் என்பது வைணவ மரபு. பூமாலை கட்டிய அவரே பாமாலையும் கட்டினார். அவருடைய வளர்ப்பு மகள் ஆண்டாள். அவர் இயற்றிய திருப்பாவை முப்பது பாடல்களைக் கொண்டது. மார்கழி மாதத்து வைகறையில், நாளுக்கொரு பாடலாக ஓதப்படுவது. பெரியாழ்வாரின் பன்னிரு பாசுரங்களாகிய திருப்பல்லாண்டு, நாலாயிரத் திவ்வியப் பிரபந்தம் ஓதும்போது முதலில் வைத்து ஓதப்பெறுகிறது.

இறைவனுக்கு உருவமும் இணையும் இல்லை என்னும் தவ்ஹீதுக் கொள்கையில் நிற்கும் நாம் அவ்வழிபாட்டு நெறியில் உடன்படுவதில்லை. அவ்வேறுபாட்டை மறைக்க வேண்டிய தேவையும் இல்லை. ஆயினும் ஒரே மொழியைப் பேசி, ஒரே கடைத்தெருவில் பொருள் வாங்கி, தலைமுறை தலைமுறையாக அண்டை வீட்டாராக வாழ்வோரின் பழக்கம் ஒன்று ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் எவ்வாறு நிலைத்தது என ஆராய்வதில் தவறில்லை. மாந்த இயல்பு எல்லார்க்கும் பொதுவானது. வழக்கம் வேரூன்றும் முறையும் பொதுவானதே.

அங்கே மூன்று செய்திகள் நம் கருத்தைக் கவர்கின்றன. ஒன்று, நேரம். மார்கழியின் வைகறை என்னும்போது 'எப்பொழுது' என்னும் வினாவுக்கு இடமில்லாமற் போகிறது. இரண்டு, அளவு. முப்பது நாட்களுக்கு முப்பது பாடல்கள் என்பதால், ஒரு நாளின் பங்கு ஒருவரை மலைக்க வைப்பதில்லை. மூன்று, கைத்தொழில். விஷ்ணுசித்தர் பாடுவதற்காகத் தோட்டத்தை விட்டுச் செல்லவில்லை. செடிக்கு நீர் வார்ப்பதும், பூப்பறிப்பதும், நாரில் தொடுப்பதும் நாள்தோறும் தவறாமல் செய்தாக வேண்டிய பணிகள். அப்பணிகளின் ஒழுங்கே பாட்டின் ஒழுங்காயிற்று.

இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) அவர்களை அறிந்தோர்க்கு இவ்விடத்தில் ஒரு வியப்புக் காத்திருக்கிறது. கி.பி. 1058 முதல் 1111 வரை வாழ்ந்த அப்பேரறிஞர், நாற்பது நூல்களைக் கொண்ட தம் இஹ்யா உலூமித்தீனின் பத்தாம் நூலை விர்துகளின் வரிசைமுறைக்கென்றே ஒதுக்கினார். அதில் தொழிலாளியைப் பற்றிப் பேசுகையில், வேலையோடு சேர்த்துத் திக்ரும் தஸ்பீஹும் ஓதலும் இயலும், உபரித் தொழுகை மட்டும் இயலாது என்கிறார். உடனே ஒரு விலக்குக் கூறுகிறார்: தோட்டக் காவலாளிக்கு அதுவும் இயலும். தோட்டத்தின் பணி இயல்பாகவே வணக்கத்திற்கு இடந்தருவது என்பதை தூஸ் நகரத்து அறிஞரும் கண்டிருக்கிறார். ஆனால், தோட்டம் இல்லாதவர் என்ன செய்வது? அவ்வினாவோடு நெடுஞ்சாலையில் இன்னும் சிறிது தொலைவு தெற்கே செல்வோம்.

இராஜபாளையத்தின் நூற்பாலை

இராஜபாளையத்தில் பி.ஏ.சி. இராமசாமி ராஜா 1936ஆம் ஆண்டில் இராஜபாளையம் மில்ஸ் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். அதன் பின்னர் அவ்வூர் பஞ்சாலை நகராக வளர்ந்தது. அடுத்துள்ள சத்திரப்பட்டி, மருத்துவமனைகளில் காயங்களுக்குக் கட்டப் பயன்படும் துணியின் நெசவுக்குப் பெயர் பெற்றது. இங்கே காலத்தைப் பகுப்பது சூரியன் அன்று. ஆலைச் சங்கும் ஷிப்டும். இரவு ஷிப்டு முடிந்து வருபவர்க்கு வைகறை என்பது நாளின் தொடக்கமாக இராது, முடிவாக இருக்கும். ஒரு வாரம் பகல், மறு வாரம் இரவு என மாறி வேலை செய்பவரிடம் காலையிலும் மாலையிலும் அமர்ந்து ஓதுக என்று கூறிச் செல்வது எளிது. அவருக்கு வழி காட்டுவதே கடினம்.

நம் சமுதாயத்தில் இறைநினைவைப் பற்றி எழுதுவோரும் பேசுவோரும் பெரும்பாலும் ஓய்வுடையோரை மனத்தில் வைத்தே பேசுகின்றனர். அதிகாலையில் தொழுது, சூரியன் எழும் வரை தொழுத இடத்திலேயே அமர்ந்திருப்பதன் சிறப்பு எடுத்துரைக்கப்படுகிறது. அச்சிறப்பு உண்மையே. ஆனால் ஆறு மணிக்கு ஆலை வாயிலில் நிற்க வேண்டியவர் அதைக் கேட்டு, 'இது நமக்கு உரியதன்று' என ஒதுங்கிப் போகிறார். புகழ்ச்சி ஓய்வுடையோரின் அணிகலனாக எஞ்சி நிற்கிறது. இது சிறிய இழப்பன்று.

கஸ்ஸாலீ அவர்கள் இப்பிழையைச் செய்யவில்லை. பகலை ஏழு விர்துகளாகவும் இரவை ஐந்தாகவும் வகுத்த அவர், அவ்வட்டவணை எல்லார்க்கும் ஒன்று போல் பொருந்தும் எனக் கொள்ளவில்லை. வணக்கத்திற்கே தம்மை ஒதுக்கியவர், அறிஞர், மாணவர், ஆட்சிப் பொறுப்பாளர், தொழில் செய்து குடும்பத்தைக் காப்பவர், இறைவனில் தம்மை இழந்தவர் என ஆறு வகையினரைப் பிரித்து, ஒவ்வொருவர்க்கும் வேறு ஒழுங்கு கூறினார். குடும்பத்தைக் காக்கும் பொறுப்புடையவர் அவர்களைப் பட்டினியில் விட்டு முழு நேரமும் வணக்கத்தில் ஈடுபடல் கூடாது. வேலை நேரத்தில் வேலையே அவருடைய விர்து. ஆயினும் அவ்வேலையினூடே அவர் இறைவனை மறந்துவிடலாகாது.

இக்கருத்துக்கு இறைமறையிலேயே அடிப்படை உண்டு. வணிகமோ கொடுக்கல் வாங்கலோ இறைநினைவை விட்டும் திருப்பிவிடாத மாந்தரை அது (24:37) பாராட்டுகிறது. அவர்கள் வணிகம் செய்யாதோர் அல்லர், வணிகத்தினால் திருப்பப்படாதோர். ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் பூமியில் பரவிச் சென்று இறைவனின் அருளைத் தேடுமாறும், அதே வேளையில் அவனை அதிகம் நினைவுகூருமாறும் மற்றோர் இடத்தில் (62:10) கட்டளை வருகிறது. தேடலும் நினைவும் ஒரே வசனத்தில் அமைந்துள்ளன.

தாவூது நபி (அலை) அவர்களின் வரலாறு இன்னும் தெளிவானது. மலைகளும் பறவைகளும் அவர்களோடு சேர்ந்து துதித்தன என்று கூறும் வசனத்தை (21:79) அடுத்து, போர்க்கவசம் செய்யும் தொழில் அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டது என்னும் வசனம் (21:80) வருகிறது. ஸபஉ அத்தியாயத்திலும் (34:10,11) இதே வரிசை: முதலில் மலைகளின் துதி, பின்னர் மென்மையாக்கப்பட்ட இரும்பு, வளையங்களை அளவறிந்து கோக்குமாறு ஆணை. புகழ்ச்சியால் மலைகளையே எதிரொலிக்கச் செய்த நபிக்கு, கம்பி வளையத்தின் அளவில் கவனம் வைக்குமாறு அறிவுரை கூறப்படுகிறது. தம் கை உழைப்பினால் உண்டவர் தாவூது நபி என்று ஹதீஸும் சான்று பகர்கிறது. நல்ல வேலையும் நல்ல புகழ்ச்சியும் ஒரே மனிதரிடம் கூடியிருந்தன.

ஃபாத்திமா (ரலி) அவர்களின் செய்தியைப் பலரும் அறிவர். திரிகை சுழற்றிக் கை காய்த்துப்போன நிலையில், பணியாள் ஒருவர் கிடைப்பாரா என்று கேட்கத் தம் தந்தையாரிடம் சென்றார்கள். பணியாளைவிடச் சிறந்தது எனக் கூறி, உறங்கச் செல்கையில் தஸ்பீஹ் 33, தஹ்மீது 33, தக்பீர் 34 கூறுமாறு அண்ணலார் கற்பித்தார்கள். புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் உள்ள செய்தி இது. நம் இல்லங்களில் தஸ்பீஹ் மணி உருட்டுவோர் அனைவரும் அந்த எண்ணிக்கை திரிகையின் அருகில் பிறந்தது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். ஓய்வில் மூழ்கியவர்க்கு அன்று, களைத்துப்போன உழைப்பாளிக்கே அது முதலில் அருளப்பட்டது.

நூற்பாலையின் பேரிரைச்சலில் பக்கத்தில் நிற்பவரின் குரலும் கேளாது. நெடிய இயந்திர வரிசையின் ஓரமாக நடந்து, இழை அறுந்த இடத்தைக் கண்டு ஒட்டிச் செல்பவரின் உதடு அசைந்தால் அதை அறிபவர் எவருமில்லை. பணிவோடும், உரத்த குரலின்றியும், காலையிலும் மாலையிலும் தன் உள்ளத்தில் இறைவனை நினைவுகூருமாறு இறைமறை (7:205) கூறும் நிலை இதுவே அன்றோ? பிறர் காண வேண்டும் என்னும் 'ரியா' நுழைய அங்கே வாயில் இல்லை. எனினும் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். இயந்திரத்தில் கை வைத்திருப்பவர் தம் கவனத்தை அதில் வைப்பதும், கூலி பெறும் நேரத்தை வேலைக்கே அளிப்பதும் அமானிதத்தைச் சார்ந்தவை. நாவின் புகழ்ச்சி வேலையைக் குறைக்காத அளவில் அமைய வேண்டும். அளவறிந்து கோக்க என்ற ஆணை தாவூது நபிக்கு மட்டும் உரியதன்று.

தறியும் ஞானப்புகழ்ச்சியும்

அதே நெடுஞ்சாலை தென்காசியை அடையும்போது தமிழ் முஸ்லிம்களின் சொந்த வரலாறு நம்மை எதிர்கொள்கிறது. தக்கலையில் அடங்கியுள்ள பீர்முகம்மது அப்பா அவர்கள் தென்காசியில் பிறந்தவர்கள் என்பதும், நெசவுத் தொழிலைக் கைக்கொண்டு வாழ்ந்தவர்கள் என்பதும் மரபு வழிச் செய்திகள். அவர்கள் இயற்றியவற்றுள் புகழ் பெற்ற நூலின் பெயரே 'ஞானப்புகழ்ச்சி'. இன்றும் ஆண்டுதோறும் ரஜப் மாதத்தில் தக்கலையில் மக்கள் கூடி, இரவில் அந்நூலைப் பாடி வருகின்றனர். குழித்தறியில் கால் மிதிக்க, நாடா இப்புறமும் அப்புறமும் ஓட, ஒரே அசைவு மீண்டும் மீண்டும் நிகழும் தொழில் நெசவு. ஓரிழையால் துணி ஆவதில்லை. எந்த ஓரிழையும் வீண் ஆவதுமில்லை. அத்தொழிலில் இருந்தவரிடமிருந்து நெடிய புகழ்ச்சி நூல் ஒன்று பிறந்ததில் வியப்பில்லை.

தமிழ் முஸ்லிம்கள் புகழ்ச்சியை அன்றாடமாக்க மேற்கொண்ட வழிகள் பல. உமறுப் புலவர் தம் சீறாப்புராணத்தைக் கடவுள் வாழ்த்துடன் தொடங்கினார். தொண்டிக்கு அருகிலுள்ள குணங்குடியில் 1792இல் பிறந்து, சென்னை இராயபுரத்தில் 1838இல் மறைந்த மஸ்தான் சாகிபு கண்ணி என்னும் ஈரடி வடிவை மிகுதியும் கையாண்டார். ஈரடியாதலால் எழுத்தறியாதவரும் கேட்ட அளவில் மனத்தில் இருத்தி, வேலையினூடே முணுமுணுக்க இயன்றது. ஹளரமவுத்தின் தரீம் நகரைச் சேர்ந்த இமாம் அப்துல்லாஹ் அல்ஹத்தாது (1634–1720) ஹிஜ்ரி 1071இல் தொகுத்த ராத்திபு, கடல் வழியே நம் கரைகளையும் இலங்கையையும் வந்தடைந்தது. கீழக்கரை மாப்பிள்ளை ஆலிம் என்னும் இமாமுல் அரூஸ் (1816–1898) அவர்கள் தொகுத்த ராத்திபு ஜலாலிய்யா நம் ஊர்களில் இன்றும் ஓதப்படுகிறது. இவ்வடிவங்கள் சிலவற்றைக் குறித்து அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அவ்விவாதத்தில் நாம் இங்கே புகவில்லை. வரையறுத்த சொற்கள், வரையறுத்த நேரம், தாங்கக்கூடிய அளவு ஆகிய மூன்றையும் நம் முன்னோர் நன்குணர்ந்திருந்தனர் என்பதே நாம் கொள்ளத்தக்க செய்தி.

வழக்கம் வெறும் பழக்கமாகும்போது

இதுவரை கூறியவற்றிற்கு ஒரு வலிமையான மறுப்பு உண்டு. வழக்கமாகிவிட்ட புகழ்ச்சி உயிரற்ற ஒலியாகிவிடாதா? நலமா எனக் கேட்டவர்க்கு 'அல்ஹம்துலில்லாஹ்' என விடையளித்துவிட்டு, அடுத்த மூச்சில் வாழ்வைச் சலித்துக்கொள்வதை நாள்தோறும் காண்கிறோம். கையில் தஸ்பீஹ் மணி உருள, வாய் அண்டை வீட்டாரின் குறையைப் பேசுவதையும் காண்கிறோம். இவற்றைக் கண்டு, உள்ளம் ஒன்றாத புகழ்ச்சியைவிட மௌனமே மேல் என அறிவுடைய இளைஞர் சிலர் கருதுகின்றனர். அவர்களின் கூற்றை எளிதில் தள்ளிவிட இயலாது.

பாக்தாது நகரில் கடை வைத்திருந்த ஸரீ அஸ்ஸகத்தீ (ரஹ்) என்னும் ஞானி ஹிஜ்ரி 253 அளவில் மறைந்தவர். ஒருமுறை கடைத்தெருவில் தீப்பற்றியது. அவருடைய கடை மட்டும் தப்பியது எனச் செய்தி வந்தது. அவர் உடனே இறைவனைப் புகழ்ந்தார். பின்னரே தம் சொல்லின் பொருள் அவருக்கு உறைத்தது. பிறர் இழந்து நிற்கையில் தாம் தப்பியதற்கு மகிழ்ந்தேனே என வருந்தி, அந்த ஒரு சொல்லுக்காக முப்பது ஆண்டுகள் பாவமன்னிப்புக் கோரி வருவதாகக் கூறினார். நாம் எண்ணாமல் உதிர்க்கும் சொல்லை அவர் முப்பது ஆண்டுகள் நிறுத்துப் பார்த்தார். வழக்கத்தால் பொருள் மங்குகிறது என்னும் குற்றச்சாட்டுக்கு இதனினும் கூரிய சான்று வேண்டியதில்லை. எனினும் ஸரீ அவர்கள் புகழ்வதை நிறுத்திவிடவில்லை என்பதையும் நோக்க வேண்டும். சொல்லைக் கைவிடுவதன்று, சொல்லுக்குரிய தகுதியை அடைவதே அவர் கண்ட தீர்வு.

கி.பி. 1309இல் மறைந்த இப்னு அதாயில்லாஹ் (ரஹ்) தம் ஹிகம் நூலில் இதே கருத்தை வற்புறுத்துகிறார். உள்ளம் ஒன்றவில்லை என்பதற்காகத் திக்ரை விடுவது கூடாது. திக்ரில் கவனமற்றிருப்பதைவிடத் திக்ரே இல்லாதிருப்பது பெரிய மறதி. முன்னதிலிருந்து படிப்படியாக மேலேற வழியுண்டு என்பது அவர் தரும் விளக்கம். கஸ்ஸாலீ அவர்களோ ஓர் எளிய எடுத்துக்காட்டுத் தருகிறார். முதலில் பிடிக்காத உணவை ஒருவர் வருந்தி உண்டு பழகினால், பின்னர் அது இன்றி இருக்க இயலாத நிலை ஏற்படுகிறது. புகழ்ச்சியும் முயற்சியில் தொடங்கி அன்பில் முடிகிறது. கவனமற்ற நாவினால் விளையும் பயன் மிகக் குறைவு எனக் கூறியவரும் அவரே. இவ்விரு கூற்றுகளும் முரண்பட்டவை அல்ல. ஒன்று தொடக்கத்தையும், மற்றொன்று அங்கேயே தங்கிவிடலாகாது என்பதையும் உணர்த்துகிறது.

அளவைப் பெருக்குவதால் மட்டும் ஆழம் உண்டாவதில்லை. ஜுவைரிய்யா (ரலி) அவர்கள் வைகறை முதல் முற்பகல் வரை தொழுத இடத்திலேயே அமர்ந்து துதித்துக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்த அண்ணலார், தாம் மும்முறை கூறிய நான்கு சொற்றொடர்கள் அவை அனைத்திற்கும் ஈடாகும் எனத் தெரிவித்ததை முஸ்லிம் தொகுப்பில் காண்கிறோம். அச்சொற்றொடர்கள் படைப்பின் எண்ணிக்கையையும் இறைவனின் சொற்களின் எல்லையின்மையையும் உள்ளடக்கியவை. பொருளறிந்து கூறும் ஒரு சொல், எண்ணிக் கூறும் பல சொற்களை விஞ்சுகிறது.

நடைமுறையில் கொள்ளத்தக்கவை

இறைவனுக்கு மிக உவப்பானவை, குறைவாயினும் நிலையாகச் செய்யப்படும் செயல்களே என்பது புகாரீயும் முஸ்லிமும் தரும் நபிமொழி. இதனை விளக்கும் கஸ்ஸாலீ அவர்கள், இடைவிடாது சொட்டும் நீர் கல்லிலும் குழி பறிக்கும், ஒரே நேரத்தில் கொட்டிய பெருநீர் தடமின்றி ஓடிவிடும் என்கிறார். ஆகவே முதற்கண், காய்ச்சலுற்ற நாளிலும் விடாமல் செய்யத்தக்க சிறிய அளவொன்றை வரையறுத்துக்கொள்ள வேண்டும். தொழுகைக்குப் பின் பத்துப் பத்தாக முப்பது சொற்கள் போதும். அதற்கு ஒரு நிமிடம் கூட ஆவதில்லை. இன்று கைப்பேசி செயலிகள் பல்லாயிரம் எண்ணிக் காட்டுகின்றன. எண்ணும் கருவி உயர்ந்துவிட்டதனால் எண்ணுபவர் உயர்ந்துவிடுவதில்லை.

அடுத்து, புகழ்ச்சியைக் கடிகாரத்தோடு மட்டும் கட்டாமல், நாள்தோறும் தவறாமல் நிகழும் ஒரு செயலோடு கட்ட வேண்டும். ஷிப்டு மாறினாலும் ஆலை வாயிலைக் கடக்கும் நடை மாறுவதில்லை. கடையின் கதவைத் திறப்பது, அடுப்பில் உலை வைப்பது, இராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பேருந்தில் அமர்ந்திருக்கும் அரைமணி நேரம் ஆகிய ஒவ்வொன்றும் ஒரு நீர்த்துறையாகலாம். செய்யும் வேலையே புகழ்ச்சியை நினைவூட்டத் தொடங்கினால், ஹதீஸில் கூறப்பட்ட தடைகளுள் ஒன்றாகிய அலுவல் நமக்குத் துணையாகிவிடுகிறது.

ஒரு நாள் தவறினால் முழுவதையும் கைவிடுவது மற்றொரு பொதுப்பிழை. இரவில் ஓதும் பகுதியை உறக்கத்தினால் தவறவிட்டவர், வைகறைத் தொழுகைக்கும் நண்பகல் தொழுகைக்கும் இடையில் அதனை ஓதினால், இரவில் ஓதியதைப் போன்றே எழுதப்படும் என உமர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் முஸ்லிமில் உள்ளது. இமாம் நவவீ (ரஹ்) அவர்களும் தம் அல்அத்கார் நூலில், வழக்கமான திக்ரைத் தவறவிட்டவர் இயன்றபோது அதனை நிறைவு செய்ய வேண்டும் என்கிறார். தவறியவர்க்கு மீளும் வழி முன்கூட்டியே அமைக்கப்பட்டுள்ளது. உறக்கம் என்னும் தடைக்கு விடை இதுவே.

இறுதியாக, நாம் கூறும் அரபுச் சொற்களின் பொருளைத் தாய்மொழியில் ஒரு முறையேனும் நின்று கற்க வேண்டும். ஆதத், இபாதத் எனப் பழக்கத்தையும் வணக்கத்தையும் பிரிப்பது நிய்யத் என்பது ஃபிக்ஹு நூல்கள் கூறும் விதி. வாரத்தில் ஒரு நாள், ஒரே ஒரு புகழ்ச்சொல்லை எடுத்துக்கொண்டு, ஸரீ அவர்களைப் போல், அதைக் கூறும் தகுதி நமக்கு எவ்வளவு உள்ளது எனச் சிந்திப்போமாயின் மற்ற நாட்களின் ஒலிக்கும் உயிர் வரும். புகழப்படுபவன் நீதியாளன் என்றால் நம் எடைக்கல்லில் அது தெரிய வேண்டும். அருளாளன் என்றால் நம் வீட்டுப் பணியாளரிடம் பேசும் குரலில் அது தெரிய வேண்டும்.

ஏழு வானங்களும் பூமியும் அவற்றிலுள்ளோரும் இறைவனைத் துதிக்கின்றனர், அவனைப் புகழ்ந்து துதிக்காத பொருள் எதுவுமில்லை, எனினும் அவற்றின் துதியை மாந்தர் உணர்வதில்லை என்கிறது இறைமறை (17:44). அவ்வாறாயின் நந்தவனத்துப் பூவும், ஆலையில் சுழலும் இழையும், தறியின் மரமும் ஏற்கெனவே புகழ்ந்துகொண்டிருக்கின்றன. அவற்றைக் கையில் ஏந்தி உழைக்கும் மனிதரின் நா மட்டும் வாளாவிருத்தல் முறையாகுமா? எளியதைச் செய்யும் அச்சிலருள் நம்மையும் சேர்த்து, நம் உழைப்பையும் நாவையும் தன் புகழில் ஒன்றுபடச் செய்தருள அல்லாஹ் போதுமானவன்.